ஈரம் குடிக்கும் பசை

வண்டூர்க் கரையில் மழைக்கு முந்திய சாம்பல் வெளிச்சம். சுனாமி ஜெயராணியின் புருஷனைக் கொண்டுபோனது. படகை மட்டும் உடைத்துத் திருப்பி எறிந்தது. அதன் பலகைப் பிளவில் அவள் பாலியூரித்தேன் பசையைப் பிதுக்குகிறாள். குழாய் நுனியிலிருந்து கறுப்பாக, தடித்த கோடாக இறங்குகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் அதை அழுத்தி வழிக்கிறாள். படகை விற்க ஆள் பார்த்துவிட்டு வந்த கொழுந்தன் யோகராஜ் பக்கத்தில் நின்று, தீவுக்காரர் வழக்கப்படி இந்தி கலந்து சொல்கிறான். "சோடோ அண்ணி, விட்டுடுங்க. இந்த ஈரக்காத்துல எந்தப் பசை காயும்? வித்துடலாம்." "இது வெயிலுக்குக் காயுற பசை இல்ல. காத்துல இருக்குற ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகும்." முந்தானை படபடக்கிறது. உப்புச்சாரல் முகத்தில் அறைகிறது. அவள் துடைக்கவில்லை, கடலைப் பார்த்து நிமிர்கிறாள். "ஊது. இன்னும் நல்லா ஊது. நீ பொளந்ததை நீயே ஒட்டிக் குடு."