பூட்டிய அறைக் கைமணம்

“அவ என்னமோ கலக்கறா. சத்தியமா கலக்கறா” என்றான் கணவன், வாயில் இருந்ததை விழுங்காமலே.

அவன் நின்றது பால்கனியில். போட்டிக்காரி தங்கத்தாள் சுற்றி விற்கிற அந்தச் சனியனோடு சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. அதனால் ஜன்னல் கம்பி வழியாகத்தான் பேச்சுவார்த்தை.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழத்தில் சூரியகாந்தி விதை விழுது, ஓட்ஸ் மாவு, பட்டாணிப் புரதப் பொடி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்திய அழுத்தில் மேடையே ஆடியது. அதில் பாதி போட்டிக்காரிக்கு, மீதி கணவனுக்கு.

அடுப்பே பற்ற வைக்காமல், குளிர்ப்பெட்டியில் இறுக வைத்துச் செய்கிற புரோட்டீன் பார் அது. மகனுக்காக ஆரம்பித்தது. வேர்க்கடலை பட்டாலே அவனுக்கு உதடு தடித்து மூச்சு இழுக்கும். பாலும் ஆகாது. கடையில் எதை எடுத்தாலும் உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கடலை கலந்திருக்கலாம்’ என்று போட்டிருப்பார்கள். கலந்திருக்கலாமாம்! அதை நம்பிப் பெற்றவள் ஊட்டுவாளா? அவளே செய்ய ஆரம்பித்தாள். மகன் தின்றான், அவன் சிநேகிதர்கள் தின்றார்கள், பிறகு கடைக்காரர்கள் தேடி வந்து கேட்டார்கள். “நாங்க வீட்லயே பார் போடறோம்” என்று கணவன் பெருமையாகச் சொல்லப்போய், மேல்வீட்டுக்காரர் கண்ணடித்து, “எத்தன மணிக்குத் தொறப்பீங்க?” என்று கேட்டது தனிக் கதை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அடுத்த தெருவில் தங்கத்தாள்காரி முளைக்கிறவரை.

அவளுடையதும் அதே பேரீச்சம்பழம், அதே விதை, ‘கடலை இல்லை, பால் இல்லை’ என்ற அதே வாசகம். ஆனால் குட்டிக் குட்டிச் சதுரம், பளபளவென்று தங்கத்தாள், இரட்டிப்பு விலை. ஜிம் மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “உங்களதும் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அவங்களோடதுல ஒரு கைமணம் இருக்கு.”

கடைகளில் இவர்கள் சரக்கு தேங்கவில்லைதான். ஆனால் பேரும் புகழும் அவளுக்குப் போயிற்று.

ஊர் சொன்னதைக்கூட மனைவி பொறுத்துக்கொண்டாள். கட்டினவனே சப்புக்கொட்டித் தின்றால்?

“அந்த வறுத்த வாசன தெரியுதா? வேர்க்கடலதான்! இல்லன்னு அச்சடிச்சுட்டு அரைச்சுப் போடறா. நம்ம பையன மாதிரி ஒரு கொழந்த தின்னா என்ன ஆகும்? புகார் குடுத்து உள்ள தள்ளணும்.”

“தள்ளுங்க. அதுக்கு ஏன் இத்தன தின்னணும்?”

“சாட்சிக்குத்தான் திங்கறேன்.”

ஆனால் புகாருக்கு வாய் ருசி போதாது, கண்ணால் கண்ட ஆள் வேண்டும். அதற்குத்தான் அவன் தன் அக்காவை இறக்கியிருந்தான். பக்கத்து வீட்டு அழைப்புமணி அடிக்கிற தினுசை வைத்தே, வந்தது விருந்தாளியா வாடகை கேட்கிறவரா என்று சொல்லிவிடுகிற அக்கா. ‘பேக்கிங்குக்கு ஆள் தேவை’ என்ற பலகையைப் பார்த்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு தங்கத்தாள்காரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

சேர்ந்த அன்றே உள் அறைக்குப் பூட்டு, சாவி அவள் இடுப்பில் என்று தகவல் வந்துவிட்டது. “மிக்ஸி சத்தமே கேக்கலடா. எதையோ சர்ரு சர்ருனு கிழிக்கிற சத்தந்தான்.”

“கடல மூட்டையப் பிரிக்கிறா!” என்று இவன் துள்ளினான்.

இன்று அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் நுழைந்தார். கைப்பையைக் கைக்குழந்தைபோல அணைத்திருந்தார்.

“தண்ணி குடு கண்ணு.”

குடித்து முடிக்கிறவரை ஜன்னல் கம்பிக்கு வெளியே இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “உள்ள போனியாக்கா?”

“போன் பேசற அவசரத்துல சாவியக் கதவுலயே விட்டுட்டுப் போனா. விடுவனா?”

“கடல இருந்துச்சா?”

“ஒரு பருப்பு இல்ல.”

“பாதாம்? முந்திரி?”

“எதுவும் இல்லடா. மிக்ஸியே இல்ல. ஒரு கத்தி, ஒரு பலக, அவ்வளவுதான். நீ உள்ள வா, பயமில்ல.”

அவன் உள்ளே வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. கடலை இல்லையென்றால் குற்றமும் இல்லை. அப்படியானால் அது வெறும் திறமை. கையிலிருந்த கடைசிச் சதுரத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

“தப்பா எடுத்துக்காத” என்றான் மனைவியிடம். “மனசுல பட்டதச் சொல்றேன். அவ கை வேற, உன் கை வேற. இந்த ருசி உனக்கு ஜென்மத்துக்கும் வராது.”

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. அக்கா தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நாத்தனார் அவள் பக்கம் நகர்ந்து நின்று, கைப்பையை அவளிடம் நீட்டினார்.

“அந்த ரூம்ல குமிஞ்சு கெடந்ததுல கொஞ்சம் அள்ளிட்டு வந்தேன். நீயே கொட்டு கண்ணு. எனக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம்.”

பை கவிழ்ந்ததும் மேடைமேல் சரசரவென்று விழுந்தன கிழிந்த உறைகள், அத்தனையும் அவள் கையால் பிசைந்து, அவன் கையால் ஒட்டி, கடைகளுக்கு அனுப்பிய அவர்கள் வீட்டு பார்களுடையவை.