பேர் இல்லாத படம்

"தம்பி, படம் மட்டும் போதும். மூலையில இருக்கிற பேரு வேண்டாம்."

சிடியைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளப்போன கடைக்காரரின் கை அப்படியே நின்றது.

ஸ்கேன் சென்டரில் தருகிற சிடி போனில் திறக்காது. அதைச் சாதாரண போட்டோவாக மாற்றச் சொல்லி அவருடைய ஜெராக்ஸ் கடைக்கு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஆனால் பேரை எடுக்கச் சொல்லி இதற்கு முன் ஒரே ஒருத்தன்தான் வந்தான். தம்பியின் எக்ஸ்ரேயைத் தன்னுடையது என்று ஆபீஸில் காட்டி, லீவு வாங்கி, மாட்டிக்கொண்டான். விசாரணை கடைவரைக்கும் வந்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

"யாரோட ஸ்கேன்மா இது?"

"தெரிஞ்சவங்களோடது."

"தெரிஞ்சவங்கன்னா?"

சிடியைக் கொண்டுவந்த அந்த அம்மா கைப்பையின் வாரைத் திருகினார். ஏமாற்றுகிற முகமாகத் தெரியவில்லை. ஆனால் ஏமாற்றுகிறவர்கள் என்ன, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவார்கள்?

"பேரோட வேணும்னா மாத்தித் தரேன். பேரை அழிக்கிற வேலை நம்மகிட்ட கிடையாது. தப்பா நினைக்காதீங்க."

சிடியை நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை.

"அது என்னோட ஸ்கேன்தான் தம்பி."

"உங்களோடதா? அப்புறம் எதுக்கு மறைக்கணும்?"

"நுரையீரல்ல ஏதோ தெரியுதாம். எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிடுங்கன்னு சென்டர்ல இழுக்கிறாங்க." அவர் கையிலிருந்த சிடியைப் பார்த்தார். "என் வீட்டுக்காரரே ஸ்கேன் பார்க்கிற டாக்டர்தான்."

"நல்லதாப் போச்சு! அவர்கிட்டயே காட்டலாமே?"

"காட்டத்தான் போறேன். மத்தவங்க படம்னா கல்லு மாதிரி உக்காந்து பார்ப்பார். எனக்கு ரெண்டு தும்மல் வந்தாப் போதும், அவர் நாலு டாக்டருக்குப் போன் போடுவார். என் பேரைப் பார்த்தா அவருக்குக் கண்ணு படத்துல நிக்காது தம்பி. பேரு இல்லேன்னா உள்ளதை உள்ளபடி சொல்லுவார். அப்புறம் நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்."

கடைக்காரர் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துக்கொண்டார். சிடியை உள்ளே போட்டார். திரையில் வந்த பேரையும் வயதையும் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"நிறைய படம் இருக்கும்மா. முக்கியமானது மட்டும் போதுமா?"

"எல்லாமே போடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் எங்கேன்னு கேட்பார்."

பேர் இல்லாத படங்கள் அந்த அம்மாவின் போனுக்கு வந்து சேர்ந்தன. 'பக்கத்து வீட்டம்மா ஸ்கேன். பார்த்துச் சொல்லுங்க' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

"வேற வேலை இருந்தா பாருங்க தம்பி. பதில் வர்ற வரைக்கும் இங்க உக்காந்துக்கட்டுமா?"

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். வந்தவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, ஓரக்கண்ணால் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர்தான். இருந்தாலும் எடுத்த ஜெராக்ஸை இரண்டு தடவை தப்பாக எண்ணினார்.

போன் சிணுங்கியது.

அந்த அம்மா எடுத்தார். திறக்காமலே அவரிடம் நீட்டினார்.

"நீங்களே படிச்சிடுங்க தம்பி. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

கடைக்காரர் அதைத் திறந்து படித்தார்.

"'பயப்பட ஒண்ணுமில்ல. அது பழைய நிமோனியாவோட தழும்பு. நமக்குக் கல்யாணமான வருஷம் உனக்கு வந்துதே, அதுதான். எங்க இருக்கே? அங்கேயே இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.'"