சிவப்புத் துணியின் ராசி

வேலியைத் தாண்டிக் குதித்த வெள்ளாட்டுக்கு முன்னங்கால் சுளுக்கிக்கொண்டது. கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆட்டுக்காரி செங்கமலம் வேலியோரத்து நொச்சியில் நாலு கொத்து ஒடித்தாள். இலையை வதக்கி வீக்கத்தில் வைத்து, மேலே பழைய சிவப்புச் சேலைத் துண்டால் கட்டினாள்.

நாலாம் நாள் வீக்கம் வற்றியது. அவள் கட்டை அவிழ்த்து, சருகான இலையைக் கத்திரிச்செடியின் அடியில் எருவாகப் போட்டாள். கொஞ்ச நாளில் செடி நிறையப் பூ.

"எல்லாம் வெயிலோட புண்ணியம்!" என்றது கத்திரிச்செடி.

"எனக்கு அந்தச் சிவப்புத் துணியோட ராசி!" என்று துள்ளியது வெள்ளாடு.

"உள்ளே என் இலை இருந்ததே?" என்றது நொச்சி.

"அதுவா? துணி நழுவாம இருக்க வச்சிருப்பாங்க."

அடுத்த மாதம் அதே பட்டியிலிருந்த செம்மறி ஆட்டுக்குக் கால் வீங்கியது. வெள்ளாடு சொன்னபடி, கொடியில் கிடந்த ஒரு சிவப்புத் துணியை இழுத்துக் காலில் சுற்றிக்கொண்டது. ஐந்து நாளாகியும் நொண்டியது.

வெள்ளாடு துணியை முகர்ந்து பார்த்தது. "இது வேற சிவப்பு, அக்கா."

நொச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடம்பு குலுங்கச் சிரித்ததில் நாலைந்து இலைகள் செம்மறியின் காலடியில் உதிர்ந்தன.

"ஏய், குப்பை போடாதே!" என்று அதட்டியது வெள்ளாடு.