ஐந்தாவது முத்திரை

மாடியில் ஓடும் தையல் மெஷின்களின் அதிர்வில் தாராவிச் சங்க அறையின் டியூப்லைட் நடுங்குகிறது. வீடுகளை இடிக்கக் கூடாதென்று ஐந்து சங்கங்கள் சேர்ந்து எழுதிய மனுவில் நான்கு முத்திரைகள் காய்ந்துவிட்டன. ஐந்தாவதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள் சண்முகவடிவு. போன மாதம் இறந்த செயலாளர் பிரம்மநாயகத்தின் மனைவி. இப்போது செயலாளர் அவள்தான். "அடுத்தவன் தாளுல நம்ம சீலு விழாது" என்று இருபது வருஷம் ஒதுங்கியே இருந்தவர் பிரம்மநாயகம். "அண்ணனுக்குச் சம்மதமா இருக்குமா, மதினி?" என்கிறார் பக்கத்துச் சங்கத்து நாகராஜ். "அவுகளுக்கு இருக்காது," என்கிறாள். கணவர் செய்ததுபோலவே முத்திரையின் ரப்பரில் 'ஹா' என்று ஊதுகிறாள். அந்தச் சத்தத்துக்கு, அவரே வந்துவிட்டதுபோல, எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் கை தாளுக்கு மேலே அப்படியே நிற்கிறது. "கைய விடுங்க," என்கிறாள், மெல்ல. யாரும் பிடித்திருக்கவில்லை. முத்திரை விழுகிறது.