போர்ட்டோ ரிக்கோ கூப்பிட்டால்

“போர்ட்டோ ரிக்கோவுலேருந்து கூப்பிட்டா மறு மாசமே கல்யாணம்னு சொன்னே. கூப்பிட்டாச்சு! இப்ப எதுக்கு ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறே?”

சூலேமா போட்ட சத்தத்தில், மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையும் கையுமாகத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அர்ஜென்டினாவில் எங்கள் பெர்கமினோ மாதிரிச் சின்ன ஊரில் சனிக்கிழமை காலையில் வேறென்ன வேலை? விவரம் தெரியாதவர்கள் கேட்டிருந்தால், அன்செல்மோவுக்குப் போர்ட்டோ ரிக்கோவில் பணக்கார மாமா யாரோ இருப்பதாகவும் அவர் சம்மதத்துக்காகக் காத்திருப்பதாகவும் நினைத்திருப்பார்கள்.

மாமாவாவது மண்ணாவது. அன்செல்மோ இரும்புக்கடையில் திருகாணி எடுத்துக் கொடுப்பவன், வயது நாற்பத்தொன்று. கூரைமேல் ராட்சத மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா, கூரைக்குக் கீழே கேட்கவும் பேசவும் ஒரு வானொலிப் பெட்டி, பெட்டிக்கு முன்னால் இவன்.

சாதாரணமாக அடுத்த ஊரைத் தாண்டாத அலைவரிசையாம் அது. ஆனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் பொழுது சாய்ந்ததும் சில நாள் வானம் கதவைத் திறக்குமாம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து போர்ட்டோ ரிக்கோக்காரன் பேசுவது இவன் கூரையில் வந்து விழுமாம். விழுந்த மறு மாதமே சூலேமாவைக் கட்டிக்கொள்வதாக, அவள் அம்மாவின் முன்னால் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தான்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. கல்யாணத்துக்கென்று அவள் பூத்தையல் போட்டு வைத்த படுக்கை விரிப்புகள் பெட்டிக்குள்ளேயே மஞ்சளாகிப்போயின. சத்தியம் செய்தவனோ காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் வந்தேவிட்டது அந்தக் குரல். கறி அடைத்த எம்பனாதாத் தட்டோடு அவன் வீட்டுக்குப் போயிருந்த சூலேமா தன் காதாலேயே கேட்டாள். “பொன்ஸே நகலம், போல்ட்டோ லிக்கோ... அல்ஜென்டினாவுல யாலாவது இலுக்கீங்களா?” அந்தத் தீவுக்காரர்கள் வாயில் ‘ர’ எப்போதும் அப்படித்தான் வழுக்கும். அவள் துள்ளிக் குதித்தாள். அவன் பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

“அது போலி,” என்றான் இப்போது, வாசற்படியில் நின்றபடி.

“எதை வச்சுச் சொல்றே?”

“பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தெளிவா பேசினானே! நிஜக் குரல் அப்படி வராது.” அன்செல்மோ கண்ணை மூடிக்கொண்டான். “சுத்துற ஃபேனுக்குப் பின்னாலேருந்து பேசுற மாதிரி நடுங்கும். நாலு வார்த்தையில ஒண்ணுதான் புரியும். ஊர்ப் பேரு அப்படியே அமுங்கிப் போயி, போச்சுடான்னு நினைக்கிறப்போ மறுபடியும் மேல எழும்பும். உடம்பெல்லாம் சிலிர்த்துடும். அதுவும் குரல் மட்டும் வந்தா பத்தாது. ‘ஆமா, பேசினது நான்தான்’னு அவன் அங்கேருந்து தபால்ல கார்டு அனுப்பணும். அதுக்கப்புறம்தான் எங்க ரேடியோ ஆளுங்க நம்புவாங்க.”

“கேட்டீங்களா, கல்யாணத்துக்குக் கார்டு வேணுமாம்! மோதிரத்தையும் தபால்லயே அனுப்பச் சொல்லு!” என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். நாங்கள் சிரித்தோம். தபால் கொடுக்க வந்த கஸ்பார் மட்டும் சிரிக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எங்கள் தெருவுக்குத் தினம் வந்தும் ஒரு வம்பு கேட்கத் தெரியாத ஜடம் அவன் ஒருவன்தான்.

அந்த நேரம் பார்த்து ரொட்டி வண்டியோடு வந்து சேர்ந்தான் சூலேமாவின் தம்பி ராமிரோ. வண்டிக்குள் இரவல் வானொலிப் பெட்டி. அதிலிருந்து நீண்ட கம்பி ரொட்டிக் கூடைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. மறைக்கக்கூடத் துப்பில்லை.

“நீதானாடா?” என்றான் அன்செல்மோ.

“நான்தான் மாப்பிள்ளே. மாவு மில்லுக்குப் பின்னால நின்னு பேசினேன். எங்க அக்கா இன்னும் எத்தனை வருஷம்தான் விரிப்பைத் துவைச்சுத் துவைச்சு மடிப்பா?”

அன்செல்மோ நெஞ்சை நிமிர்த்தினான். திருகாணி விற்கிறவனுக்கு அவ்வளவு கம்பீரம் வரும் என்று நான் கண்டதில்லை. “குடும்பமே ஏமாத்துதா? கேக்காததைக் கேட்டேன்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்!”

தெரு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. முட்டாளாக இருந்தாலும் யோக்கியன் என்று பேசிக்கொண்டோம். சூலேமா எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். செப்டம்பர்வரை காத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள். தபால் பையோடு கஸ்பார் அவள் பின்னாலேயே போனான். கடிதம் கொடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தோம்.

செப்டம்பர் வரவில்லை. ஆகஸ்டிலேயே சூலேமா கஸ்பாரைக் கட்டிக்கொண்டாள். மாற்றல் வாங்கிக்கொண்டு இருவரும் மார் தெல் பிளாத்தாவுக்குக் குடிபோகிறார்கள் என்றார்கள். அன்செல்மோ இன்னும் மீன்முள்ளுக்கு அடியில்தான் இருந்தான். பாவம் என்று அவனுக்கு இரண்டு வீட்டிலிருந்து சூப் போயிற்று.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவர்கள் மூட்டை கட்டுகிற அன்று ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

“ஏன்டி, பொய் சொல்லத் தெரியாத மனுஷனை விட்டுட்டு இந்த ஜடத்தைப் பிடிச்சிருக்கியே, நியாயமா?”

சூலேமா மஞ்சள் பூத்த விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

“போர்ட்டோ ரிக்கோ கார்டை அன்செல்மோ கையில கொடுத்ததே இந்த ஜடம்தான்க்கா, நாலு வருஷத்துக்கு முன்னாடி.”