அப்பாவுக்கு வாங்கிய மாத்திரை

“எங்க வீட்டுல இவளுக்குன்னு யாரும் ஒரு மாத்திரைகூட வாங்கிக் குடுத்ததில்லை, டாக்டர். நல்லா எழுதிக்குங்க.”

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகியும் அவர் முதுகு இன்னும் பிளாட்பாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அவர் மனைவி, டிரிப்ஸ் ஏறும் கையை அசைக்காமல் கண்மூடிக் கிடந்தாள்.

ஒரு மாதமாக அவளுக்குத் தீராத தாகம். பிறகு வாந்தி. முந்தாநாள் பெற்ற மகளையே, “யாரும்மா நீ?” என்று கேட்டதும்தான் எல்லோரும் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள்.

“ரத்தத்துல வைட்டமின் டி எக்கச்சக்கமா இருக்குங்க,” என்றார் டாக்டரம்மா. “அதனால கால்சியமும் ஏறிப்போச்சு. தாகம், வாந்தி, குழப்பம் எல்லாம் அதோட வேலை. சாப்பாட்டுல, வெயில்ல இவ்வளவு ஏறாது. மாத்திரையாத்தான் உள்ள போயிருக்கணும்.”

“சத்து மாத்திரைதானே? அது போய்க் கெடுதல் பண்ணுமா?” என்றாள் மகள்.

“சில வைட்டமின் கூடினா சிறுநீர்ல போயிடும். இது போகாதும்மா, உடம்புலயே தங்கிடும். எங்கேருந்து வருதுன்னு தெரியாம வீட்டுக்கு அனுப்பினா, அடுத்த தடவை கிட்னியும் கெட்டுப்போய்த்தான் திரும்பி வருவாங்க.”

“அப்ப வீட்டு ஆளுங்கதான் ஏதோ குடுத்துட்டோம்னு சொல்றீங்க.” ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் தணிந்தது, அது அவருடைய கோபத்தின் குரல். “நாப்பத்தாறு வருஷக் குடும்பம் இது. கட்டினவளுக்குத் தெரியாம எதையாவது கலந்து குடுக்கிற வம்சமில்லை எங்களுது.”

“நான் போலீஸ் இல்லீங்க ஐயா. வீட்டுல வேற யாராவது இந்த மாத்திரை சாப்பிடுறாங்களா?”

“அப்பா சாப்பிடுறார்,” என்றான் லேத் பட்டறை வைத்திருக்கும் மூத்தவன், சற்றுப் பெருமையாகவே. “எலும்புக்கு. நான்தான் வாங்கித் தர்றேன்.”

“நானுந்தான் வாங்கித் தர்றேன்,” என்றாள் மகள், விட்டுக்கொடுக்காமல். “இவன் வாங்குறது சாதா. நான் வாங்குறது ஃபாரின்.”

“ஆமா, உன் மாத்திரைக்குப் பாஸ்போர்ட் வேற எடுக்கணும்.”

“கப்பல் வேலையில இருக்கிற சின்னவனும் அனுப்புறான்,” என்று ஸ்டேஷன் மாஸ்டர் குறுக்கிட்டார். “யாருக்கும் மனக்குறை வரக் கூடாது பாருங்க. மூத்தவனுது திங்கட்கிழமை, பொண்ணோடது புதன், சின்னவனுது வெள்ளி.”

துணிப்பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வந்த தேதி, மாத்திரையின் பெயர், எண்ணிக்கை, தீர்ந்தது, மிச்சம். ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து. பதினாலு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். “மூணும் ஒரே மருந்துதான் ஐயா. அட்டையும் பேரும்தான் வேற. இதை வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் ரெண்டு மாசத்துக்குத்தான் போடுவோம்.” நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “இதையெல்லாம் சாப்பிட்டிருந்தா அந்தக் கட்டில்ல நீங்கதான் படுத்திருக்கணும்.”

“எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்.”

“அதுதான் எனக்கும் புரியலை. கையைக் காட்டுங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்.”

“டாக்டர், அப்பாவுக்கு ஊசின்னா...” என்று இழுத்தாள் மகள்.

“யாருக்குடி பயம்?” சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்குத் தெளிவு வந்துவிட்டது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, “ஏண்டி, ரெண்டு நாளா இதே புடவையா?” என்று மகளை அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு தாளோடு உள்ளே வந்தார். “ஐயா, உங்க ரத்தத்துல வைட்டமின் டி இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லை.”

“அதெப்படி? நாங்க மூணு பேரும் ஒரு வருஷத்துக்கு மேல...” மூத்தவன் நோட்டை எடுத்துப் பிரித்தான். “அப்பா, இது உங்க கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான். நான் பொய் எழுதலை,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் விறைப்பாக. “‘தீர்ந்தது’ன்னுதான் எழுதியிருக்கேன். ‘முழுங்கினேன்’னு ஒரு வரி காட்டு பார்க்கலாம்.”

அவர் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

“எனக்கு மாத்திரை தொண்டையில இறங்காதுடா. வேண்டாம்னா உங்க மூணு பேர் முகமும் சுருங்கும். அதான் அட்டையிலேருந்து பிரிச்சு உங்கம்மா கையில குடுத்து, யாருக்கும் தெரியாமக் குப்பையில போடச் சொன்னேன்.”

எல்லோருடைய பார்வையும் கட்டில் பக்கம் திரும்பியது. அம்மா போர்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

“போடத்தாங்க போனேன், மனசு வரலை,” என்றாள். “புள்ளைங்க பார்த்துப் பார்த்து வாங்கினதாச்சே. எனக்குன்னுதான் வாங்கிக் குடுத்தாங்கன்னு நெனச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் நானே முழுங்கிட்டேன்.”