பழைய வாசனை

தேன்கூட்டு வாசலில் ஆளைப் பார்த்து உள்ளே விடுவதில்லை. வாசனையைப் பார்த்துத்தான் விடுவார்கள். அதைத் தெரிந்துகொண்ட கட்டெறும்பு, கீழே உதிர்ந்த மெழுகில் புரண்டு எழுந்து கூட்டுக்குள் போய்வர ஆரம்பித்தான். எடுத்து வந்த தேனைப் பறக்க முடியாதவர்களுக்குக் கொடுத்து, கூலியாகப் புல்லரிசி வாங்கிக்கொண்டான்.

இறக்கை கிழிந்த வண்ணத்துப்பூச்சி அதுவரை தரையோரப் பூக்களுக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தாள். "நான் இருக்கும்போது நீ எதுக்கம்மா அலையணும்?" என்று அவன்தான் நிறுத்தினான்.

மழை பிடித்தது. கூட்டுக்குப் புது ராணி வந்தாள்; கூட்டின் வாசனையும் மாறியது. காவல் தேனீ எறும்பை வாசலிலேயே மடக்கினாள்.

"ஏய், இது பழைய வாசனை. யார் நீ?"

"கோடை முழுக்க வந்துட்டுத்தானே இருந்தேன், அக்கா! சொல்லாம மாத்திட்டீங்களே?"

"திருட வர்றவன்கிட்டச் சொல்லிட்டா மாத்துவாங்க?"

"என்னை நம்பி ஒருத்தி இருக்கா."

"எங்களை நம்பி நீ இருந்தது எங்களுக்கே தெரியாதே."

வெறுங்கையோடு திரும்பினான். தரையோரப் பூக்களை எல்லாம் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. அவன் வரும் அரவம் கேட்டதும், எழுந்திருக்கத் தெம்பில்லாத வண்ணத்துப்பூச்சி முகத்தைத் திருப்பினாள்.

"இன்னிக்கு வாசனை தூக்குதே, அண்ணா!"

அவன் மேல் பூசியிருந்த மெழுகு இன்னும் உதிரவில்லை.